1983 மாஸ்ஸி 1035: எந்தச் சிவப்பை அடிப்பது?

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா 1983இல் வாங்கிய மாஸ்ஸி பெர்குசன் 1035 ட்ராக்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பதினோரு வருடம் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. போன தை மாதம் இன்ஜினை இறக்கி, போர் போட்டு, பம்ப், நாசில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது அரை செல்ஃபில் எடுக்கிறது. பாக்கி இருப்பது பெயிண்ட் வேலைதான். ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அப்பா கெடு வைத்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால் வண்டியில் மூன்று சிவப்பு இருக்கிறது. பானெட் வெயிலில் வெளுத்து ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. இடது மட்கார்டு ஒருமுறை வாய்க்காலில் சாய்ந்து நசுங்கியது. தட்டி நிமிர்த்திவிட்டு, கேட்டுக்கு அடிக்கிற ஏதோ ஒரு சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். வலது மட்கார்டு இரண்டுக்கும் நடுவில்.

எங்கள் ஊர் பெயிண்டர் ஒரே போடாகப் போட்டார்: "எல்லாம் சிக்னல் ரெட்தான் தம்பி, மூணு லிட்டர் வாங்கிட்டு வா, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்." எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனியில் இருந்து வந்தபோது என்ன நிறமோ அதுதான் வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? எனாமலா, பி.யு.வா (பாலியூரித்தேன் பெயிண்ட்)? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, பொள்ளாச்சிப் பக்கம். தம்பி, முதலில் நிறத்தின் பெயரைத் தேடாதீர்கள், வண்டியிலேயே தேடுங்கள். வெயிலும் டீசலும் படாத இடம் ஏதாவது ஒன்று எல்லா வண்டியிலும் இருக்கும். ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றினால் வளையம் மூடியிருந்த இடம். பானெட்டின் பக்கப் பட்டைக்கு அடியில். மீட்டர் போர்டின் உள்பக்கம். மட்கார்டு போல்ட்டின் வாஷர் உட்கார்ந்திருந்த வட்டம். இதில் எங்காவது தாத்தா வாங்கிய சிவப்பு ஒளிந்திருக்கும்.

கிடைத்ததும் எமரி பேப்பர் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கெடுப்பது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் எடுத்து மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். மேல் அழுக்கு போய்ப் பளபளப்பு வரும். அந்தப் பளபளப்போடு பார்ப்பதுதான் நிறம். மங்கின பரப்பில் எந்தச் சிவப்பும் ஒரு படி வெளுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம், அந்தப் பாகத்தையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். போனில் படம் எடுத்துக் காட்டினால் கடைக்காரரும் தலையாட்டுவார், நீங்களும் தலையாட்டுவீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்காளி நிறம்.

நாலு_சக்கரம்

சிக்னல் ரெட் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பெயிண்ட் நிறங்களுக்கு ஐ.எஸ். 5 என்று ஒரு தரப் பட்டியல் உண்டு. அதில் 536 ஃபயர் ரெட், 537 சிக்னல் ரெட், 538 போஸ்ட் ஆபீஸ் ரெட். கடைகளில் 'பி.ஓ. ரெட்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். எல்லா ஊரிலும் கிடைக்கும் என்பதால் பெயிண்டர்கள் சிவப்பு வண்டி எதைப் பார்த்தாலும் இதில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ட்ராக்டர் கம்பெனிகள் இந்தப் பட்டியலைப் பார்த்து வண்டிக்கு நிறம் வைக்கவில்லை. மாஸ்ஸி சிவப்பு அவர்கள் சொந்தச் சிவப்பு.

அதுவும் முதலில் இருந்தே சிவப்பு இல்லை என்பதுதான் வேடிக்கை. பெர்குசன் கம்பெனி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த டி.இ.20 வண்டி தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். 1953இல் மாஸ்ஸி ஹாரிஸும் பெர்குசனும் ஒன்று சேர்ந்தன. 1956இல் வந்த பெர்குசன் 35க்குத் தகரமெல்லாம் சாம்பல், இன்ஜினும் கியர்பாக்ஸும் பொன் வெண்கல நிறம். பழைய வண்டி சேர்ப்பவர்கள் அதைத் 'தங்க வயிறு' என்று செல்லமாகச் சொல்வார்கள். 1957 கடைசியில்தான் மேலே சிவப்பு, கீழே சாம்பல் என்ற மாஸ்ஸி பெர்குசன் 35 வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே ட்ராக்டர் கம்பெனி அந்தக் குடும்பத்து வண்டிகளைத்தான் இங்கே செய்தது. உங்கள் 1035 அந்த வழியில் வந்த பிள்ளை. ஆக, வெளிநாட்டு 35க்கு யாரோ போட்டிருக்கும் நிற எண்ணை இணையத்தில் எடுத்து வந்து உங்கள் வண்டிக்கு அடித்தால், அது உங்கள் வண்டி நிறமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன வாஷர் வட்டத்தைத்தான் நான் நம்புவேன்.

ஒன்ராறியோ_தம்பி

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன், ஊர் சாவகச்சேரி. உங்களுடையது வயல் உழுகிற மெசின். என்னுடையது புல் வெட்டவும் பனி தள்ளவும் செய்த சின்னத் தோட்டத்து ட்ராக்டர், ஜோன் டியர் 110. (எங்கட ஊரில் இரண்டு சில்லு மெசின் எதுவானாலும் லான்ட்மாஸ்டர்தான். நாலு சில்லில் இவ்வளவு சின்னதாக ஒன்றைப் பார்த்ததும் அம்மா சிரித்துவிட்டா.)

ஜோன் டியர் என்றால் பச்சையும் மஞ்சளும்தானே என்று டீலரிடம் மூன்று டப்பா பச்சை வாங்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பானெட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்குக் கீழே செம்மஞ்சள் வந்தது. துரு என்று நினைத்தேன். இன்னும் தேய்த்தால் உள்ளங்கை அளவுக்குப் பழுத்த தோடம்பழ நிறம். சீற்றைக் கழற்றினால் அடியில் சேசிஸ் வெள்ளை.

பிறகுதான் விசாரித்தேன். 1969 முதல் 1971 வரை அந்தக் கம்பெனி சின்ன ட்ராக்டர்களை வெள்ளை உடலோடு, பானெட்டும் சீற்றும் நாலு நிறத்தில் ஒன்றாக வருகிற மாதிரி விற்றிருக்கிறது: சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள். வீட்டு முற்றத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று 'பேட்டியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னுடையது அதில் செம்மஞ்சள்காரன். இடையில் யாரோ பச்சை அடித்துச் 'சரியாக்கி' விட்டார்கள். மூன்று டப்பா பச்சையும் இப்போதும் கராஜில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஒளிந்த இடத்து நிறத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். எண்ணெய் சார்ந்த எனாமல், முக்கியமாக வெள்ளை, வெளிச்சமே படாமல் இருட்டில் கிடந்தாலும் மஞ்சளித்துப் போகும். சீற்றுக்கு அடியில் இருந்த வெள்ளையை அப்படியே பிடித்து ஒரு தகட்டில் அடித்துப் பார்த்தேன், ஆட்டுப்பால் திரிந்த மாதிரி இருந்தது. அந்தத் துண்டை ஜன்னலோரம் ஒரு மாதம் வைத்த பிறகு பார்த்தால் வெள்ளை தெளிந்திருந்தது. சிவப்பில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் கீழ்ப்பகுதிச் சாம்பலில் கவனமாக இருங்கள்.

மேட்டுத்தெரு

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏன் அடிக்க வேண்டும்? நாற்பது வருடம் உழைத்த வண்டியைப் புதுப் பெண் மாதிரி ஆக்கினால் அதில் தாத்தா எங்கே இருப்பார்? துருவை மட்டும் நிறுத்தி, எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை

மேட்டுத்தெரு அண்ணா, நானும் அதை யோசித்தேன். ஆனால் பானெட் ஓரம் ஓட்டை விழத் தொடங்கிவிட்டது. தகரம் ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டினால் அடிக்காமல் விட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பானெட்டின் இரண்டு பக்கமும் தாத்தா அவருடைய அம்மா பெயரை எழுதி வைத்திருந்தார். மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு நிழல். எழுதிய ஆர்ட்டிஸ்ட் இப்போது இல்லை. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பட்டறைக்காரன்

எழுத்துக்கு வழி இருக்கிறது. ட்ரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் கோடு எடுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கோட்டின் தடிமன் எவ்வளவு என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுங்கள், ஒன்றைத் திருப்பிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கையெழுத்து ஆர்ட்டிஸ்ட் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி எழுதியிருக்கவே மாட்டார்.

வெண்ணாற்றங்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன். நல்ல சேதியும் இருக்கிறது, கெட்ட சேதியும் இருக்கிறது.

வலது ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றினேன். திருகு துருப்பிடித்து அரை நாள் வாங்கியது. வளையம் மூடியிருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு. காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வண்டி வந்தன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். நான் இத்தனை வருடம் பார்த்த எந்தச் சிவப்பும் அது இல்லை. கொஞ்சம் கனமான, ஆரஞ்சுப் பக்கம் சாயாத சிவப்பு.

திருச்சியில் கலர் மிக்ஸிங் செய்யும் கடைக்குக் கிண்ணத்தோடு பஸ்ஸில் போனேன். கம்ப்யூட்டர் மெஷினை வைத்தார்கள். கிண்ணம் வளைவாக இருந்ததால் ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் வேறு வேறு எண். கடைசியில் கொஞ்சம் தட்டையாக இருந்த ஓரத்தில் வைத்து ஒரு ஃபார்முலா எடுத்து, நூறு மில்லி கலந்து அட்டையில் தடவிக் காட்டினார்கள். டியூப்லைட் கீழே இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தது. சரி என்று ஒரு லிட்டர் சொல்லப் போனவன், எதற்கும் பார்ப்போம் என்று வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தேன். அட்டை செங்கல் நிறம். கிண்ணம் சிவப்பு. கடைக்காரரே வெளியில் வந்து பார்த்துவிட்டு, "உள்ள சரியாத்தானே இருந்துச்சு" என்றார்.

இது எப்படி?

பட்டறைக்காரன்

கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்தக் காலத்துக் கம்பெனி சிவப்பில் போட்ட நிறமி வேறு, இன்று கடையில் கலக்குகிற டின்டர், அதாவது நிறக் கலவை, வேறு. இரண்டும் வேறு வேறு பொருள் என்றால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். புடவைக் கடையில் ஜாக்கெட் துணி எடுக்கும்போது பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார்களே, அதே சங்கதிதான். மெஷின் சொல்வதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கலக்குகிறவரின் கண்தான் முடிக்க வேண்டும். காலை வெயில், உச்சி வெயில், மேகம் மூடிய நேரம், மூன்றிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வராது. ட்ராக்டர் வெயிலில் நிற்கிற சாமான், ஆகவே வெயிலில் ஒத்துப்போவதை எடுங்கள்.

அட்டையில் தடவிப் பார்ப்பதும் போதாது. சிவப்பு மூடும் சக்தி குறைந்த நிறம், கீழே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தால் செம்மண் சாயல் வரும். வெள்ளை மேல் அடித்தால் துள்ளிக்கொண்டு ஆரஞ்சுப் பக்கம் போகும். நடுத்தரச் சாம்பல் பிரைமர் போட்டு அதன் மேல் அடித்தால் உங்கள் கனமான சிவப்பு உட்காரும். பழைய எண்ணெய் டின்னை வெட்டி நாலு தகடு எடுத்து, வண்டிக்கு என்ன பிரைமர், எத்தனை கோட், என்ன தின்னர், அதே ஸ்ப்ரே கன்னில் அடித்துப் பாருங்கள். ஒரு நாள் காயவிட்டுப் பார்க்கணும். ஈரத்தில் இருக்கும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றில்லை.

நாலு_சக்கரம்

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது உலர் தேய்ப்பு வேண்டாம். அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயம் சேர்ந்த நிறமி இருக்க நிறைய வாய்ப்பு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1983 வண்டியில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாட்டர் பேப்பர், தண்ணீர், மாஸ்க். குழந்தைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். சேற்றைத் துணியில் அள்ளிக் கட்டுங்கள், வாய்க்காலில் கழுவிவிடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை

கெட்ட சேதியை இன்னும் சொல்லவில்லை. நான் திருச்சியில் இருந்த நாளில் பெயிண்டர் சும்மா இருக்கவில்லை. இடது மட்கார்டை லேசாகத் தேய்த்துவிட்டு, ஆட்டோ வேலையில் மிஞ்சிய என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பிரைமரை அப்படியே பழைய எனாமல் மேல் அடித்துவிட்டார். நான் வந்து பார்க்கும்போது மட்கார்டு முழுவதும் காய்ச்சின பால் ஆறி ஆடை கட்டின மாதிரி சுருங்கிக் கிடந்தது. விரலால் இழுத்தால் தோலோடு வந்தது.

பட்டறைக்காரன்

என்.சி. தின்னர் காரமான சாமான். எனாமலைக் கீழே இருந்து கிளப்பிவிடும். எனாமல் மேல் என்.சி. போகவே கூடாது. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, அந்தக் கேட்டுச் சிவப்பை எப்படியும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பெயிண்ட் ரிமூவர் போட்டுத் தகரம் தெரிய எடுத்துவிடுங்கள்.

எனாமலும் தன் மேலேயே சுருங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கோட் தொட்டால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை அடிக்கலாம். இல்லையென்றால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முழுசாகக் காயவிட்டு, லேசாகத் தேய்த்து அடிக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த நடுப் பொழுதில் அடித்தால் இதே பாலாடைதான்.

ஒன்ராறியோ_தம்பி

எனாமலா பி.யு.வா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இரண்டு பொதியாக வரும் பி.யு. அடித்தேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அதை அடிக்கிறதென்றால் வெளியில் இருந்து காற்றுக் குழாய் வருகிற முகமூடி வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது, ஒருமுறை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா. அடித்து முடித்தபின் பளபளப்பு அதிகமாகிவிட்டது. பார்க்கிற ஆட்கள் புதுக் கார் பெயின்றா என்று கேட்கினம். அந்த நாளைய மெசின் அப்படி மினுங்கவில்லை.

பட்டறைக்காரன்

தம்பி சொன்னது சரி. வண்டி சேற்றில் இறங்கப் போகிறதா, கொட்டகையில் நிற்கப் போகிறதா? இறங்குமானால் சிந்தடிக் எனாமல் போதும். அடுத்த வருடம் ஓரம் உரிந்தால் பிரஷ்ஷை எடுத்து நீங்களே தொட்டுக்கொள்ளலாம். பி.யு. உரிந்தால் மறுபடி கன், கம்ப்ரஸர், ஆள். எனாமல் சீக்கிரம் வெளுக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மற்றவை: கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் டீசலில் கழுவினால் அதோடு விடாதீர்கள். டீசல் பிசுக்கு மேல் பெயிண்ட் நிற்காது, மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். அதன்பின் சோப்புத் தூள் போட்டு வெந்நீரில் இரண்டு முறை கழுவி, வெயிலில் காயவைத்து, தின்னர் துணியால் துடைத்து, அப்புறம்தான் பிரைமர். சைலன்சருக்கும் மேனிஃபோல்டுக்கும் சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் தனி. ரேடியேட்டர் சல்லடையில் தடிமனாக எதையும் அடிக்காதீர்கள், சூடு வெளியேறாது. கிரீஸ் நிப்பிள், பிரீதர், ரப்பர் எல்லாவற்றையும் டேப் போட்டு மூடுங்கள்.

சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் பட்டி வைத்து நிரவிவிட வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் அச்சு எடுக்கும்போது எண் விழாமல் அவதிப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

மேட்டுத்தெரு

நான் அடிக்காதே என்று சொன்ன ஆள். இருந்தாலும் கேட்கிறேன். ஆயுத பூஜை நேரம் டெல்டாவில் மழை பிடித்துவிடுமே?

பட்டறைக்காரன்

நல்ல கேள்வி. காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் என்றால் நான் கன்னைத் தொடமாட்டேன். காலை பனி விலகி, தகரம் கைக்குச் சூடு தெரிந்த பிறகு ஆரம்பித்து, மூன்று மணிக்குள் முடியுங்கள். சாயங்காலம் அடித்தால் இரவுப் பனி மேல் கோட்டில் இறங்கி மினுமினுப்பைத் தின்றுவிடும்.

வெண்ணாற்றங்கரை

முடிந்தது. புரட்டாசிக் கடைசியில் நாலு நாள் வெயில் கிடைத்தது, அதில் அடித்துவிட்டோம். திருச்சிக் கடையில் கலக்குகிறவர் மூன்றாம் தடவை கிண்ணத்தை வாசல் படியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கறுப்பும் மெரூனும் விட்டுப் பிடித்துக் கொடுத்தார். நாலு தகட்டில் மூன்றாவது தகடுதான் ஜெயித்தது, சாம்பல் பிரைமர் மேல் மூன்று கோட். சிவப்பு இரண்டே கால் லிட்டர் போயிற்று. கீழ்ப்பகுதிச் சாம்பலை கியர்பாக்ஸ் பக்கவாட்டில் பிசுக்குக்கு அடியில் இருந்து எடுத்தேன். ஒன்ராறியோ அண்ணா சொன்ன மாதிரி அதைச் சுரண்டிய துண்டை ஒரு வாரம் திண்ணையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலந்தோம். கொஞ்சம் தெளிந்தது, உண்மைதான்.

குறையும் இருக்கிறது. வலது மட்கார்டின் உள் வளைவில் பெயிண்ட் வழிந்து ஒரு கண்ணீர்க் கோடு நிற்கிறது. இடது மட்கார்டில் பட்டி வைத்த இடம் சாய்ந்த வெயிலில் லேசாக அலை மாதிரி தெரிகிறது. சுருங்கியதில் ஆத்திரப்பட்டு அந்தப் பெயிண்டரை மாற்றலாம் என்று இருந்தேன், அப்பா விடவில்லை. கடைசியில் எல்லாம் அவர்தான் அடித்தார், நிதானமாக.

எழுத்தை ட்ரேஸ் எடுத்தபோது பட்டறைக்காரன் அண்ணன் சொன்னது புரிந்தது. இடது பக்கத்தில் 'ள்' புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வலது பக்கத்தில் நேராக. போர்டு எழுதும் பையன் ஒருவன் அப்படியே எழுதிக் கொடுத்தான். சாய்ந்த புள்ளியைத் திருத்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பூஜையன்று அம்மா சந்தனம் வைக்கப் போனபோது புதுப் பெயிண்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு, கெட்டியாகக் குழைத்து ரேடியேட்டர் கிரில்லில் அப்பிவிட்டார்.

நாலு_சக்கரம்

ஃபார்முலா சீட்டைப் பத்திரமாக வையுங்கள். படம் எங்கே?

மேட்டுத்தெரு

மூன்று லிட்டர் வாங்கியிருந்தால் முக்கால் லிட்டர் மிச்சம் இருக்க வேண்டுமே. எங்கள் வீட்டிலும் ஒரு 1035 இருக்கிறது. சும்மா கேட்கிறேன்.